பழைய ஷெட்டின் வெள்ளைத் தூள்

பிள்ளைகளே, உப்பளத்தில் வேலை பார்த்தவன் கை சும்மா இருக்காது. வெள்ளையாக எதைக் கண்டாலும் ஒரு சிட்டிகை எடுத்து, விரலில் தேய்த்து, நாக்கில் வைத்துப் பார்ப்போம். கசப்பு ஏறியிருக்கிறதா என்று எங்களுக்கு அப்படித்தான் தெரியும்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் மரக்காணத்தில் எங்கள் பாத்தியெல்லாம் சேறாகிக் கிடந்தது. வேலை இல்லை. உங்கள் அம்மாவின் அண்ணன், ரெண்டு பஸ் மாறிப் போகிற ஊரில், ரயில் என்ஜின் பழுது பார்க்கிற ஷெட்டில் காண்ட்ராக்ட் ஆளாக இருந்தார். "வந்து எடத்தப் பாரு மாப்ள. புடிச்சிருந்தா திங்கக்கெழமையே சேத்து உட்டுர்றேன்" என்றார். சனிக்கிழமை போனேன்.

முதலில் புது ஷெட். சக்கரம் கழற்றிய டீசல் என்ஜின் ஒன்று கிரேனில் தொங்கியது, வீட்டையே பெயர்த்துத் தூக்கின மாதிரி. ஆட்கள் பூட்ஸும் தொப்பியும் போட்டிருந்தார்கள்.

"எனக்கும் இந்தத் தொப்பி குடுப்பாங்களா மச்சான்?"

"உன் மண்டைக்கு சைஸ் கெடைக்காது, வா. நம்ம வேல இங்க இல்ல, பின்னால."

பின்னால் பழைய ஷெட். கரி என்ஜின் ஓடின காலத்துப் புகை கூரையில் இன்னும் தாராகப் படிந்திருந்தது. ஓடாமல் நின்றுவிட்ட ரெண்டு கரி என்ஜின்களின் மேல்தகட்டை, முகத்தில் துண்டு கட்டின ஆட்கள் உரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இருமினார், அவர் நிறுத்தியதும் இன்னொருவர் ஆரம்பித்தார். கூரை ஓட்டை வழியாக விழுந்த வெயிலில் வெள்ளைத் தூள் கீழே இறங்காமல் நின்றுகொண்டே இருந்தது.

தரையிலும் அதே தூள் குவிந்திருந்தது. என் கை தானாகப் போய் ஒரு சிட்டிகை எடுத்தது. தேய்த்தேன். உப்பு நெறுநெறுக்கும், இது பஞ்சு மாதிரி மெத்தென்றிருந்தது. நாக்குக்குக் கொண்டுபோனபோது மச்சான் கையைத் தட்டிவிட்டார்.

"வாயில வெக்காத!"

"உப்புக்காரரே, கொழம்புல போட்டுப் பாருங்க!" என்று, மச்சான் சொல்லி என்னைப் பற்றித் தெரிந்திருந்த ஒருவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அவர் என்ஜினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்ன மச்சான் இது?"

"கல்நாரு. ஆஸ்பெஸ்டாஸ்னு சொல்வாங்களே, அது. பாய்லர் சூடு வெளிய போவாம இருக்க அப்பல்லாம் சுத்தி வெப்பாங்களாம். நெஞ்சுக்குள்ள போனா திரும்ப வராதுன்னு புது ஷெட்டு ஆளு ஒருத்தரு சொன்னாரு. அவங்க யாரும் இந்தப் பக்கம் வரமாட்டாங்க."

"தெரிஞ்சேவா செய்யிறீங்க?"

"வேற வேல நீ குடேன்." சொல்லிவிட்டு அவரும் இருமினார். உங்கள் மாமா பீடி குடிக்கிறவர் இல்லை.

ஞாயிறு லீவு என்பதால் என்னோடு வீட்டுக்கு வந்தார். பஸ்ஸில் கேட்டார், "என்ன சொல்ற?"

"நான் சேறு வாரிப் பாக்குறேன் மச்சான். நீங்களும் வந்துருங்க."

"சேத்த வாரி, உப்பு எடுத்து, என்னைக்கு ஒல வெப்ப?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் அவர் கழற்றிப் போட்ட சட்டையை உங்கள் அம்மா துவைக்க எடுத்தாள். தோள்பட்டை ரெண்டையும் பிடித்து உதறக் கை ஓங்கினாள். கீழே நீங்கள் ரெண்டு பேரும் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தீர்கள்.

"உதறாத!" என்று கத்திவிட்டேன். பிடுங்கி, வாளித் தண்ணீரில் அமுக்கி, குமிழி அடங்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த மச்சான் கையை நிறுத்தி, என்னைப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை அதே சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் மட்டும் பஸ் ஏறினார்.