வடலூரில் ஊற்றிய இரண்டு லிட்டர் ஆயில்

அத்தான் நெய்வேலி மைன்ஸிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து செவ்வாய்க்கிழமை மாலை ஐந்துக்குள் சாவி கொடுத்தாக வேண்டும். சாமான் ஏற்ற நான் வருகிறேன் என்று நானாகத்தான் வாயைக் கொடுத்தேன். வாங்கி மூன்றே வாரமான பழைய பிக்கப். இஞ்சினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் செல்போன் வீடியோவில் பார்த்ததுதான்.

அன்று காலை 7.10க்குக் கடலூரில் கிளம்பி 8.15க்கு வடலூர். டீ பதினைந்து ரூபாய். வண்டியை நிறுத்திய கையோடு ஆயில் ஸ்டிக்கை உருவினேன். நுனியில்தான் ஈரம். ஒரு லிட்டர் வாங்கி ஊற்றி உடனே பார்த்தால் அப்போதும் குறைவு. இன்னொரு லிட்டர் ஊற்றினேன். பொறுப்பான ஆள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அங்கிருந்து நெய்வேலிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். பாதி வழியில் பின்னால் வருகிறவர்களே தெரியாத அளவுக்கு நீலப் புகை. நீலம் என்றால் ஆயில் எரிகிறது, இஞ்சின் காலி என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். எப்படியோ அக்கா வீட்டு வாசல்வரை உருட்டிக்கொண்டு வந்தேன். வாடகை வண்டி மறுநாள்தான் கிடைக்கும் என்றார்கள். அக்கா சுருட்டிய மெத்தைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

வண்டியை எனக்கு விற்ற செல்வம் வளையமாதேவிக்காரர், மைன்ஸில் காண்ட்ராக்ட் டம்பர் டிரைவர். முதல் ஷிப்ட் என்பதால் போனை எடுக்கவில்லை. ஏமாற்றுக்காரன் என்று தொடங்கி வாய்க்கு வந்தபடி ஒரு குரல் பதிவு அனுப்பினேன். அவர் பிள்ளைகளைக்கூட விடவில்லை. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

2.35க்கு யூனிபார்மோடு வந்து நின்றார். வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிப் புகையைப் பார்த்தார்.

"ஆயிலு ஊத்துனீங்களா?"

"ரெண்டு லிட்டர். ஸ்டிக்குல கம்மியா காட்டுச்சு."

"ஓட்டிக்கினு வந்து நின்னவொடனே பாத்தீங்களா? அப்ப ஆயிலு கீழ எறங்காம இஞ்சின் மேலயே நிக்கும்ங்க. நாங்க ஷிப்டு ஏறசொல்ல, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே பாத்துடுவோம்."

வண்டிக்கு அடியில் படுத்து நட்டைத் தளர்த்தி, அதிகப்படி ஆயிலைப் பக்கெட்டில் இறக்கினார். டவுன்ஷிப்பை இரண்டு சுற்று சுற்றியதும் புகை அடங்கியது. இஞ்சினுக்கு ஒன்றுமில்லை. பீரோவையும் அவரே ஒரு பக்கம் பிடித்து ஏற்றினார். 4.50க்குச் சாவி கைமாறியது.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் சமதரையில் நிறுத்தி, இஞ்சின் ஆறியபிறகு ஸ்டிக்கைப் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள். புகை வந்தால் கடைசியாக நீங்கள் என்ன செய்தீர்கள் என்று முதலில் யோசியுங்கள். அடுத்தவரைத் திட்டுவது அப்புறம்.

கிளம்பும்போது தயங்கித் தயங்கிக் கேட்டேன். "காலையில நான் அனுப்புனத கேட்டீங்களா?"

கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "கேட்டேன்ங்க. அதான் வூட்டுக்குக்கூட போவாம நேரா வந்தேன்."