ஏழு வாசல் மண்டபமும் எங்கள் எட்டு நிமிஷமும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. நம் ஊர் நடுவில் புதிதாக எழுந்து நிற்கிறதே அந்தப் பெரிய மண்டபம் — அதன் தலைவாசலில் ஒரு குவியலைப் பார்த்தபடி நான் நின்றுகொண்டிருந்தேன்.

குவியலில் என்னென்ன? தோல் செருப்புகள். வார் அறுந்து சணல் கட்டிய செருப்புகள். குடைகள். கூடைகள். எல்லாவற்றுக்கும் மேலாக, மத்தியானச் சோறு கொண்டுவந்த பித்தளைத் தூக்குப்போசிகள் — ஒன்றைப்போலவே இன்னொன்று. அவற்றின்மேல் குனிந்துகொண்டு, மண்டபம் நிறைய வந்திருந்த பெண்கள்.

"இது என்னுதில்லீங்க. என்ற போசிக்கு மூடி நசுங்கியிருக்கும்."

"அக்கா, நீங்க எடுத்துட்டு முதல்ல போங்க."

"ஐயோ, நீங்க போங்க கண்ணு. கைக்கொழந்தைய வெச்சுட்டு நிக்கறீங்க."

"பெரியவங்க நிக்கறப்ப நான் எப்படீங்க முன்னால போறது?"

யாரும் தள்ளவில்லை. யாரும் திட்டவில்லை. யாரும் வெளியே போகவும் இல்லை!

படியில் நின்றிருந்த மண்டபத்தின் காரியதரிசி சென்னியப்ப கவுண்டர் தமது பைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பத்தொம்பது நிமிசமாச்சுங்க, அம்மணி."

எங்களுக்குக் கொடுத்திருந்தது எட்டு.

விஷயம் இதுதான். எங்கள் மாதர் சங்கம் அடுத்த மாதம் ஒரு மகாநாடு நடத்த விரும்புகிறது. பள்ளிக்கூட மைதானத்தில் அல்ல, இந்த மண்டபத்தில். இதுவரை பெண்களுக்கு இங்கே இடம் மாடியில்தான், மூங்கில் தட்டிக்குப் பின்னால். அங்கிருந்து கேட்கலாம். பேச முடியாது... மேடை கீழே அல்லவா இருக்கிறது?

இந்த மண்டபம் திறந்த நாளிலிருந்து கவனித்து வருகிறேன். பஞ்சு வியாபாரிகள் கூடி விலை பேசுவது இங்கே. பம்பு செட்டுக் கண்காட்சி இங்கே. கச்சேரி, கதாகாலட்சேபம், முனிசிபல் வரவேற்பு, பணக்கார வீட்டுக் கல்யாணம் — எல்லாம் இங்கே. பவானியிலிருந்து வருகிறவருக்குக்கூட ஜட்காக்காரர் முதலில் காட்டுவது இதைத்தான். இங்கே பேசியது மறுநாள் காலை காப்பிக் கடைகளில் பேச்சாகிவிடும். வேறெங்கே பேசினாலும் பேசியவர் வீட்டோடு சரி.

காரியதரிசியைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு மாதம் முன்பு ஒரு நாடகத்தின்போது விளக்குக் கம்பி புகைந்து, கூட்டம் வாசலில் நெருக்கியடித்து, ஒரு சிறுமிக்குக் கை முறிந்தது. அன்றிலிருந்து மனிதருக்குத் தூக்கமில்லை.

"கூட்டத்தை எட்டு நிமிசத்துல வெளிய கொண்டாந்து காட்டிப்போடுங்க. கீழேயே உக்காந்து பேசிக்கலாம். இல்லீன்னா மாடிதானுங்க" என்றார். நியாயம்தானே?

ஆகவே ஒத்திகை. மில் விடுமுறை நாளாகப் பார்த்து, சிங்காநல்லூரிலிருந்தும் கணபதியிலிருந்தும் பெண்கள் பஸ்ஸிலும் வண்டியிலும் கால்நடையாகவும் வந்தார்கள். வந்து... பத்தொன்பது நிமிஷம்.

எங்கள் தலைவி ருக்மணி அம்மாள் மனம் தளர்ந்துபோனார். "விடுங்க அம்மணி. மைதானத்துல பந்தல் போட்டுக்கலாம்."

பதில் சொன்னது காளியம்மாள். மில்லில் நூல் சுற்றும் பகுதியில் வேலை. வேலை நேரத்தில் கைக்குழந்தைகளைப் படுக்கவைக்க மில்களில் ஒரு கொட்டகை வேண்டும் என்று மகாநாட்டில் பேசப்போகிறவர் அவர்தான். சொந்தக் குழந்தையைப் பஞ்சு மூட்டைக்குப் பக்கத்தில் படுக்கவைத்தே வளர்த்தவர்.

"பந்தல்ல பேசறது பந்தலப் பிரிக்கறப்பவே போயிருமுங்க. பஞ்சு வியாபாரி பேசற எடத்துல நின்னு நானும் பேசோணும். அப்பத்தானுங்க மொதலாளி காதுல உளுகும்."

நான் காரியதரிசியிடம் போனேன். "மூணு மணிக்கு இன்னொரு தடவை பாக்கலாமுங்களா?"

"சோத்தத் தின்னுபோட்டு இன்னும் மெதுவாத்தான் வருவாங்க" என்றார். ஆனாலும் சம்மதித்தார்.

என்னைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், கட்டட ஆபீஸ் ஒன்றில் பிளான் வரைவது என் தொழில். தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். இந்த மண்டபத்தின் பிளானை மையில் வரைந்தவள் நான்தான். தெருவைப் பார்த்துத் தலைவாசல் ஒன்று. இடப்புறம் மூன்று, வலப்புறம் மூன்று. ஆக ஏழு வாசல். ஒரு வாசல் வழியாக நிமிஷத்துக்கு எத்தனை பேர் போகலாம் என்று கணக்குப் போட்டதும் நான்தான். கணக்கு சரி. கணக்கில் தூக்குப்போசி இல்லை!

மற்றவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொண்டு ஒரு தூணோரம் உட்கார்ந்தேன். நடந்ததை வரிசையாக எழுதிப் பார்ப்பது என் வழக்கம்.

எல்லோரும் ஏன் ஒரே வாசல் வழியாக வெளியே வந்தார்கள்? செருப்பும் போசியும் அங்கே இருந்ததால். அவற்றை ஏன் அங்கே வைத்தார்கள்? அந்த வழியாக உள்ளே வந்ததால். ஆறு வாசல் திறந்து கிடக்கும்போது ஏன் அந்த வழியாகவே வந்தார்கள்?

பென்சில் அங்கே நின்றுவிட்டது. ஏனென்றால் பதில் எங்களிடமே இருந்தது. சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ், பன்னீர்ச் செம்பு எல்லாவற்றையும் தலைவாசலில் வைத்து, கோலம் போட்டு, "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டது நாங்கள்தான். வாங்க என்று சொல்ல ஆளில்லாத வாசல் வழியாக நம் ஊர்ப் பெண் எவளாவது ஒரு விசேஷத்துக்குள் நுழைவாளா?

அடுத்த இரண்டு மணி நேரம் நான் உட்காரவில்லை.

கோலம் போடத் தெரிந்தவர்களை ஆறு பக்கவாசல்களுக்கும் அனுப்பினேன். கோட்டைமேட்டு அத்தர்க் கடை ராவுத்தரிடம் இன்னும் ஐந்து பன்னீர்ச் செம்புகள் கேட்டு நானே ஓடினேன். "அஞ்சா? ஒரே நாள்ல அத்தனை கல்யாணமாங்க?" என்று கேட்டுக்கொண்டே, துடைத்துப் பன்னீர் நிரப்பிக் கொடுத்தார். திரும்பி வந்து, மண்டபத்தில் நீளவாக்கில் விரித்திருந்த பவானி ஜமக்காளங்களைக் குறுக்குவாக்கில் திருப்பிப் போடச் சொன்னேன். ஒவ்வொரு பக்கவாசலிலிருந்தும் ஒரு நிறத்தில் ஒரு ஜமக்காளம், மண்டபத்தின் நடுவரைக்கும். சிவப்புப் பட்டையில் உட்கார்ந்தவருக்குச் சிவப்பு வாசல், பச்சைப் பட்டைக்குப் பச்சை வாசல். தத்தம் செருப்பும் போசியும் தத்தம் வாசலில்.

மிச்சம் இருந்தது தலைவாசல். அதைச் சாத்திவிடலாம் என்றேன். ருக்மணி அம்மாள் பதறிவிட்டார்.

"நல்ல காரியத்துக்குத் தலைவாசலச் சாத்தறதா? என்னங்க அம்மணி இது!"

சரி, திறந்தே இருக்கட்டும் என்றேன். ஒரு நாற்காலியை எடுத்து வாசலின் சரிநடுவே போட்டேன். "ஏனுங்க, வெயில்ல ஏன் நிக்கறீங்க? இங்க உக்காந்து மணி பாருங்க" என்று காரியதரிசியைக் கூப்பிட்டேன். அவரும் சந்தோஷமாக உட்கார்ந்தார்.

மூன்று மணி. பெண்கள் வெளியே போய் மறுபடி வந்தார்கள். கவுண்டர் உட்கார்ந்திருக்கும் வாசலில் அவரை இடித்துக்கொண்டு வர யாருக்கு மனம் வரும்? பத்தடி தூரத்திலேயே கும்பிட்டுவிட்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, பக்கத்தில் திரும்பினார்கள். அங்கே கோலம், சந்தனம், பன்னீர், "வாங்க." நுழைந்தார்கள். உட்கார்ந்தார்கள்.

மணி அடித்தேன்.

எழுந்தார்கள். ஆறு வண்ணத்தில் ஆறு வரிசை. "நீங்க போங்க அக்கா", "இல்லீங்க, நீங்க போங்க" எல்லாம் இப்போதும் உண்டு. கூட்டத்தில் ஆறில் ஒரு பங்கு மட்டும் நிற்கிற வாசலில் அதற்கு அதிக நேரம் ஆகவில்லை. நாலாவது நிமிஷம் பச்சை வாசல் காலி. ஐந்தில் மஞ்சள். ஆறில் ஊதாவும் நீலமும். அதன்பின் ஆரஞ்சு...

சிவப்பு வாசலில் ஓர் அம்மாள் மட்டும் சட்டென்று திரும்பி உள்ளே நடக்க ஆரம்பித்தார்.

"எங்க போறீங்க அத்தை?" காளியம்மாள் வாசலில் நின்று கத்தினார்.

"வெத்தலப் பைய வெச்சுபோட்டு வந்துட்டேன் சாமி."

"பேசறதுக்கு எடம் கெடைக்கோணும்னு நிக்கறோம், உங்களுக்கு வெத்தல கேக்குதா? வாங்க வெளிய! நான் கவுளி கவுளியா வெத்தல வாங்கித் தாரேன்!"

மண்டபத்துக்கு வெளியே நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்த அம்மாளும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

காரியதரிசி கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "ஏழு நிமிசம் பத்து செகண்டு."

கூச்சல் எழுந்தது பாருங்கள்! தூக்குப்போசிகளைத் தட்டி மேளம் கொட்டினார்கள். ருக்மணி அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. காளியம்மாள் மட்டும் கொட்டவில்லை. காலி மண்டபத்துக்குள் நேராக நடந்து போய், மேடையில் ஏறி, நடுவில் நின்று, ஒருமுறை சுற்றிலும் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "எடம் சரியாத்தானுங்க இருக்குது" என்றார்.

நான் அன்று கற்றது ஒன்று. நம் ஜனங்களை அவசரப்படுத்த யாராலும் முடியாது. ஆனால், வரவேற்றால் எந்த வாசலுக்கும் வருவார்கள். ஒரு கட்டடத்துக்குக் கதவு வைப்பது எங்கள் ஆபீஸின் வேலை. அதை வாசலாக்குவது அங்கே நின்று "வாங்க" என்று சொல்லும் ஆள்.

காரியதரிசி பதிவுப் புத்தகத்தைத் திறந்து அடுத்த மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் எழுதினார்: மாதர் மகாநாடு, கீழ் மண்டபம். எழுதிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு நாற்காலி விஷயம் புரிந்திருக்க வேண்டும்.

"ஏனுங்க அம்மணி... என்னையே கதவாக்கிப்போட்டீங்களே!"

"நல்ல உறுதியான கதவுங்க" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வார வெசாளக்கெழம பஞ்சு வியாபாரிங்க கூட்டமிருக்குதுங்க. அவங்க வெளிய வாரதுக்கு அரை மணி நேரமாகுது. அந்த ஆறு வாசல் பிளானை எனக்கொண்ணு வரைஞ்சு குடுங்களேன்."

"தாராளமாத் தாரேனுங்க. கோலம் மட்டும் அவங்களே போட்டுக்கட்டும்."