உடம்பு ஒருத்தர், மூக்கு ஒருத்தர்

மூக்கில் ஈ உட்கார்ந்தால் சிலையம்மா கையால் விரட்டுவதில்லை. கீழுதட்டைக் கொஞ்சம் முன்னே தள்ளி, மேல்நோக்கி ஒரு ஊது. கையும் காலும் கழுத்தும் வைத்தது வைத்தபடி இருக்கும். ஊதியும் போகாத ஈயை விட்டுவிடுவார். "அதுக்கும் உக்கார ஒரு இடம் வேணும்ல" என்பார், இடைவேளையில்.

தேசிய நுண்கலை அகாடமியில் அவருக்கு வேலையே அசையாமல் நிற்பதுதான். சுற்றி உட்கார்ந்து மாணவர்கள் வரைவார்கள், களிமண்ணில் பிடிப்பார்கள். மேடையில் அவர் பாதத்தைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டிருக்கும். இடைவேளைக்கு இறங்கித் திரும்பி வந்தால் அதே கோட்டுக்குள் பாதம் பொருந்த வேண்டும். கொஞ்சம் தள்ளி நின்றால் அத்தனை பேர் படத்திலும் இடுப்பு இடம் மாறிவிடும்.

வீட்டில் ஆள் நேர்மாறு. சாப்பிடுகிறவர் பாதியில் எழுந்து அடுப்பைத் துடைப்பார். அவருடைய நாத்தனாருக்கு இந்த வேலையே புரிவதில்லை. "சும்மா நிக்கிறதுக்கு ஒரு சம்பளமா? நானுந்தான் தெனம் பஸ்ஸுக்கு நிக்கிறேன், எவன் குடுக்கிறான்?" என்பார். துணியோடுதான் நிற்கிறாளா என்று பார்க்க ஒரு நாள் நேரிலேயே வந்துவிட்டார். கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்தவர் கொஞ்ச நேரத்தில் குறட்டை. மாணவர்கள் அவரையும் வரைந்துவிட்டார்கள். இன்றைக்கும் அந்தப் படத்தை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார். "நான் அசையவே இல்லியாம்."

அகாடமி இருக்கும் கட்டிடம் முன்பு குதிரை லாயம். நாட்டுக்குச் சொந்தமாக ஓவியர்கள் வேண்டும், சிற்பிகள் வேண்டும் என்று அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் முடிவு செய்து, குதிரைகளை அவிழ்த்துவிட்டு மாணவர்களைக் கட்டிப் போட்டார்கள். சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியாரும், பார்த்து வரைய ஒரு பிளாஸ்டர் தலையும் சீமையிலிருந்து கப்பலில் வந்தன. வாத்தியார் ஊர் திரும்பிவிட்டார். தலை தங்கிவிட்டது. சுருட்டை முடி, கத்தி போல நேர் மூக்கு. அலமாரியில் நடு இடம் அதற்குத்தான். தினமும் துடைக்க வேண்டும், யாரும் குறை சொல்லக் கூடாது. மாணவர்கள் அதற்கு வைத்த பெயர் 'மூத்த மாப்பிள்ளை'.

அஞ்சல் தலை, பதக்கம், நீதிமன்ற வாசல் சிலை, ஆஸ்பத்திரி முகப்பு என்று அரசாங்கத்துக்கு எது வேண்டுமானாலும் அகாடமியில் இருந்துதான் போக வேண்டும். போவதற்கு முன் கமிட்டி பார்த்துச் சரி சொல்ல வேண்டும். கழுத்துக்குக் கீழே யாராக இருந்தாலும் கமிட்டிக்குக் கவலையில்லை. முகத்துக்கு மாப்பிள்ளைதான் அளவு. அதனால் நாட்டில் பாதிச் சிலைகளுக்கு உடம்பு சிலையம்மா, மூக்கு மாப்பிள்ளை. நீதிமன்ற வாசலில் தராசு பிடித்திருக்கும் கை சிலையம்மாவின் கை. தெருக்குழாய்த் தகராறு ஒன்றில் அதே நீதிமன்றத்துக்குப் போய்த் தோற்று வந்தார். "தராச எங் கையில குடுத்துட்டு, தீர்ப்ப எதுத்த வீட்டுக்குக் குடுத்துட்டாங்க."

சிலையம்மாவின் மூக்கு சப்பை. நாசூக்காகச் சொல்ல ஒன்றுமில்லை, காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்ட மூக்கு. அவருடைய அம்மாவிடமிருந்து வந்து மகளுக்குப் போயிருக்கிறது. மகளுக்குப் பள்ளியில் கடைசி வருடம். மூக்கு எடுப்பாகும் என்று யாரோ சொன்னார்களாம், கொடியிலிருந்து துணி கிளிப்பை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டு படிக்கிறாள். ஜலதோஷக் குரலில் வரலாறு ஒப்பிக்கிறாள். சிலையம்மா திட்டிப் பார்த்தார், கிளிப்பை ஒளித்துப் பார்த்தார். கடைக்குப் போய் வேறு வாங்கி வந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அகாடமியின் முன்வாசலில் 'கலை' என்ற பெயரில் ஒரு பெண் சிலை வைக்க முடிவானது. செய்கிறவர் சிற்ப ஆசிரியர். மாணவராக இருந்தபோது சிலையம்மாவைப் பார்த்துப் பார்த்துத்தான் அவருக்குக் கை படிந்தது. இந்த முறை முகமும் உங்களுடையதுதான் அக்கா என்று வாக்குக் கொடுத்தார். சிலையம்மா வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றுவதற்குள் மகளிடம் சொல்லிவிட்டார்.

"உன் மூக்கத்தான்டி வாசல்ல வெக்கப் போறாங்க. போறவன் வர்றவன்லாம் அண்ணாந்து பாப்பான். மொதல்ல அந்தக் கிளிப்பக் கழட்டு."

மகள் நம்பவில்லை. ஆனாலும், வைத்தால் பார்க்கலாம் என்று கழற்றிக் கொடியில் மாட்டினாள்.

களிமண்ணில் முகம் வந்தது. மூக்கும் அப்படியே வந்தது. பிளாஸ்டரில் அச்சு எடுக்க ஆட்கள் வருவதற்கு முதல் நாள் கமிட்டித் தலைவர் வந்தார். மேடையில் நின்ற ஆளைப் பார்க்கவில்லை, களிமண்ணைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எல்லாம் பிரமாதம், மூக்குதான் இடிக்கிறது என்றார். கலைக்குப் போய் இப்படியா மூக்கு இருக்கும், உள்ளேதான் ஒரு தலை இருக்கிறதே, அதைப் பார்த்து இன்றைக்கே திருத்திவிடுங்கள் என்றார். இத்தனையும் மூக்கின் சொந்தக்காரி எதிரில். சிலையம்மா அசையவில்லை. மூக்கு மட்டும் விடைத்தது.

தலைவர் போனதும் ஆசிரியர் மூத்த மாப்பிள்ளையைத் தூக்கி வந்து மேடைக்குப் பக்கத்தில் முக்காலியில் வைத்தார். சிலையம்மா முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

"கமிட்டி சொன்னா நான் என்னக்கா பண்றது?"

"மூக்குக்குமா தம்பி கமிட்டி?"

ஆசிரியர் களிமண்ணை உருட்டி ஒட்டினார், மரக்குச்சியால் இழைத்தார். மூக்கு உயர உயர அந்த முகம் சிலையம்மாவுக்கு அந்நியமாகிக்கொண்டே போனது. அச்சு எடுத்துவிட்டால் அப்புறம் ஒன்றும் செய்வதற்கில்லை. வீட்டில் கிளிப் திரும்ப மூக்கில் ஏறிவிடும்.

ஆசிரியர் டீ குடிக்கப் போனார். இடைவேளையில் சாயங்காலத்துக்குக் கீரை ஆய்வது சிலையம்மாவின் வழக்கம். கட்டைப் பிரித்து நாலு தண்டு கிள்ளினார். அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். இத்தனை வருடத்தில் ஒருவருடைய களிமண்ணையும் அவர் தொட்டதில்லை. அடுத்த வீட்டு அடுப்பில் கரண்டி விடுகிற மாதிரி அது.

முதலில் மாப்பிள்ளையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு பெருவிரலால் ஒரே அழுத்து. மண், பிசைந்த மாவின் பதத்தில்தான் இருந்தது. இரண்டு பக்கமும் கொஞ்சம் ஒதுக்கிவிட்டார். தன் மூக்கைத் தடவிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. மேடையேறி, கோட்டுக்குள் பாதத்தைப் பொருத்தி, வலது கையை முன்னே நீட்டி நின்றுகொண்டார்.

ஆசிரியர் குச்சியை எடுத்துக்கொண்டு மூக்கின் பக்கம் போனார். ரொம்ப நேரம் பார்த்தார். சுவரைப் பார்த்து நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தார். குச்சியைக் கீழே வைத்துவிட்டு, துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மண் காயாதபடி சிலையின் தலையைச் சுற்றிக் கட்டினார். "காலைல அச்சுக்காரங்க சீக்கிரமே வந்துருவாங்க" என்றார், பொதுவாக.

பிறகுதான் மேடைப் பக்கம் திரும்பினார். "அக்கா, கை விரிச்சு இருக்கணும். பெருவிரல் மடங்கியிருக்கு."

சிலையம்மா மடக்கிய விரலை நிதானமாக விரித்துக் காட்டினார். நகம் முழுக்கக் களிமண்.