முதலில் ப்ரீஆம்ப், கடைசியில் பவர் ஆம்ப்

என் மனைவியின் செவித்திறன் மேலிருந்து கீழாகப் போய்க்கொண்டிருக்கிறது. காதைப் பரிசோதித்தவர் கொடுத்த வரைபடம் அப்படித்தான் சொல்கிறது. குக்கர் விசில், காலிங் பெல், குழந்தைகளின் குரல் எல்லாம் முதலில் போயின. பஸ்ஸின் உறுமல், மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பி போன்ற தாழ்ந்த ஒலிகள் மிச்சம். அவையும் குறையும் என்றார். காதுக்கருவி எல்லாவற்றையும் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குகிறதாம். அது உத்தரவாத அட்டையோடு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

ரேடியோவில் வந்த நவராத்திரிக் கச்சேரிகளை அவள் கேசட்டுகளில் பதிவு செய்து வைத்திருந்தாள். மிச்சமிருக்கும் காதால் அவற்றை ஒருமுறை ஒழுங்காகக் கேட்டுவிட வேண்டும் என்றாள். அலுவலகத்தில் கொள்முதல் விதிகளை வைத்தே பிழைத்தவன் நான். இதற்கும் விதி இருக்கும் என்று இறங்கினேன்.

வளைகுடாவிலிருந்து திரும்பிய அவள் தம்பி கண்ணாடி வால்வுகள் வைத்த ஒரு ப்ரீஆம்ப் கொடுத்தான். ஒலியைச் சீர்செய்து அனுப்புவது அதன் வேலை. ஸ்பீக்கரை இயக்கும் பலம் அதற்கு இல்லை. அதற்குப் பவர் ஆம்ப் வேண்டும். சாலைக் கடைத்தெருவில் ஒன்று வாங்கினேன். வாட், ஓம் எல்லாம் சரிபார்த்துத்தான். பாட்டு வந்தது; மிருதங்கம் தீப்பெட்டியைத் தட்டுவதுபோல் வந்தது.

"யாராவது பாடறாளா?" என்றாள் மனைவி.

தம்பி வந்து பார்த்தான். "அத்திம்பேர், ரெண்டுக்கும் பொருத்தம் பாத்தேளா?"

"வாட் பாத்தேனே."

"பொண்ணு பாக்கப் போய் வீட்டை மட்டும் அளந்துண்டு வந்த மாதிரின்னா இருக்கு. போட்டும், பத்துப் பொருத்தமும் பாத்துத்தான் அக்காவை ஒங்களுக்குக் கொடுத்தா. அதுவே இப்படி."

அக்கா எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். சிரிக்கவில்லை.

பிறகுதான் படித்தேன். பவர் ஆம்பின் உள்ளீட்டு மின்தடை, ப்ரீஆம்பின் வெளியீட்டு மின்தடையைவிடப் பத்து மடங்காவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்குகிறவன் கொடுக்கிறவனை உறிஞ்சிவிடுவான். வால்வ் ப்ரீஆம்பில் முதலில் பலியாவது தாழ்ந்த ஒலி. அதாவது, என் மனைவிக்கு மிச்சமிருந்த ஒரே பகுதியை நான் காசு கொடுத்து வடிகட்டி எடுத்திருந்தேன்.

கடைக்காரர் சாதனத்தைத் திருப்பி எடுக்கவில்லை. "அதொண்ணும் நடக்காது சாரே," என்றார். மற்ற கடைகளில் உள்ளீட்டு மின்தடை எவ்வளவு என்று கேட்டால், எனக்கு உடம்புக்கு ஏதோ என்று நினைத்து உள்ளே உட்காரச் சொன்னார்கள். வெளியூர்க் கம்பெனிகளுக்கு எழுதி, விவரக்குறிப்பு வாங்கி, ஒப்பிட்டு, முறைப்படி தேர்வு செய்தேன். பெட்டி வந்து சேர்வதற்குள் அவளுக்கு அடுத்த பரிசோதனை வந்துவிட்டது. வரைபடத்தின் கோடு இன்னும் இறங்கியிருந்தது.

ஆன் செய்வதற்கும் வரிசை உண்டு. முதலில் ப்ரீஆம்ப். வால்வ் சூடாகி நிலைப்பட்ட பிறகே பவர் ஆம்ப். மாற்றிச் செய்தால் ஸ்பீக்கரில் இடி இடிக்கும். கேசட்டை ஓடவிட்டு, ப்ரீஆம்பைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். வால்வுகள் சிவந்தன. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கேசட் சுழல்வதைப் பார்த்தபடி தொடையில் தாளம் போட ஆரம்பித்தாள்.

"இப்ப நன்னா கேக்கறது," என்றாள். "மிருதங்கம்கூட."

அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் இருந்தது. பவர் ஆம்பை நான் இன்னும் தொடவில்லை.

தொட்டேன். பாட்டும் அதனடியில் மிருதங்கமும் நிறைவாக வந்தன. பொருத்தத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவள் முகம் மாறவில்லை, கையும் நிற்கவில்லை. கச்சேரி ஒரு தாளத்தில் போய்க்கொண்டிருந்தது, அவள் வேறொன்றில்.

"தம்பிகிட்டச் சொல்லுங்கோ, சரியாயிடுத்துன்னு."

"சொல்றேன்," என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டிக் காட்டினேன்.