சந்தைக் கிணற்றைப் பற்றி ஒரு வரி

கணினித் திரையில் சிவப்பு நிறத்தில் ஓர் எண், அதற்கு முன்னால் ஒரு கழித்தல் குறி. அந்த ஆண்டு என் நிம்மதியைக் கெடுத்தது அதுதான். இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு கட்டுரையிலிருந்து யாராவது எதையாவது நீக்கினால், எவ்வளவு குறைந்தது என்பதை அதன் வரலாற்றுப் பக்கம் இப்படிச் சிவப்பில் காட்டும். நீக்கியவர் பெயரும் நேரமும் பக்கத்திலேயே இருக்கும். கணக்கில் நுழையாமல் நீக்கினால் பெயருக்குப் பதில் அந்த இணைய இணைப்பின் எண் வரும். அன்று வந்திருந்தது எங்கள் கல்லூரிக் கணினி அறையின் எண்.

காரைக்குடியில் ஒரு கல்லூரியில் நான் வரலாறு கற்பிக்கிறேன். ஏழெட்டு வருடங்களுக்கு முன் மூன்றாமாண்டு வகுப்புக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். அவரவர் ஊரில் எல்லோரும் புழங்குகிற ஓர் இடத்தைப் பற்றிக் கலைக்களஞ்சியத்தில் எழுத வேண்டும். தேர்வுத்தாளை நான் ஒருத்தி மட்டும்தான் படிக்கிறேன், இதை ஊரே படிக்கும் என்று ஆசை காட்டினேன். சிங்கம்புணரியிலிருந்து வந்த ஒரு மாணவி தன் ஊர்ச் சந்தையைப் பற்றி எழுதினாள். அதில் ஒரு வரி என்னை நிமிர வைத்தது. சந்தைக்குப் பின்னால் இருக்கும் பொதுக்கிணற்றை வெட்டிக் கொடுத்தவர், கடல் கடந்து வியாபாரம் செய்த ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பெரியவர். கிணற்றுச் சுவரில் பதித்த கல்லில் அவர் பெயர் இருந்தது. அவள் அதைப் படமெடுத்துச் சேர்த்திருந்தாள். அவர் அவளுடைய பாட்டனாரின் அப்பா என்பதை என்னிடம் மட்டும் சொன்னாள்.

அந்த வரிதான் காணாமல் போனது. நான் திரும்பச் சேர்த்தேன். மறுவாரம் மறுபடியும் போனது, இம்முறை படத்தோடு. இரண்டு முறையும் எங்கள் வகுப்பு கணினி அறையில் இருந்த நேரம். வெளியாள் யாரும் இல்லை, என் பிள்ளைகளில் ஒருவர்தான் என்று தெரிந்துவிட்டது. அதன் பிறகு நான் பாடம் நடத்தவில்லை, முகங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். யார் சட்டென்று திரையை மாற்றுகிறார்கள், யார் நான் நெருங்கினால் பேச்சை நிறுத்துகிறார்கள் என்று வரிசைகளுக்கு இடையில் நடந்தேன்.

என் சந்தேகம் வகுப்புப் பிரதிநிதியின் மேல் போய் நின்றது. நெற்குப்பைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன். உயரமாக, அதிகம் பேசாதவனாக இருப்பான். கணினி அறைச் சாவியை அலுவலகத்திலிருந்து வாங்கிவந்து திறப்பதும் பூட்டுவதும் அவன் பொறுப்பு. அந்த மாணவி தன் கட்டுரையை வகுப்பில் வாசித்த அன்று, கல்லில் பேர் இருந்தால் அவர்தான் வெட்டினார் என்று எப்படிச் சொல்ல முடியும், பிற்பாடு யாராவது பதித்திருக்கலாமே என்று எழுந்து கேட்டவனும் அவன்தான். வரலாற்று மாணவன் கேட்க வேண்டிய கேள்வி. வேறு யார் கேட்டிருந்தாலும் பாராட்டியிருப்பேன். ஆனால் அவன் பைக்கின் முன்பக்கம் சாதிப்பெயர் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்ததை நான் பார்த்திருந்தேன். கேள்வியையும் ஸ்டிக்கரையும் சேர்த்துக் கூட்டி ஒரு விடைக்கு வந்துவிட்டேன். இந்த ஊரில் ஒரு முஸ்லிம் பெயர் இருப்பது இவனுக்குப் பொறுக்கவில்லை என்பதே அந்த விடை.

மூன்றாம் முறை நீக்கியபோது அவனை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டேன். வேறு இரண்டு ஆசிரியர்கள் இருந்தார்கள். அவர்கள் வெளியே போகும் வரை காத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. கணினி அறைப் பதிவேட்டை விரித்து அவன் கையெழுத்தைக் காட்டினேன். அவன் அதைப் பார்த்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னான்.

"நான் அழிக்கலை மேடம். அழிச்சிருந்தா என் பேர்லயே அழிச்சிருப்பேன்."

அது எனக்குத் திமிராகப் பட்டது. சாவியை வாங்கிக்கொண்டேன். பிரதிநிதிப் பொறுப்பிலிருந்தும் நீக்கினேன். அநியாயத்துக்கு ஈடு செய்கிற நினைப்பில் சாவியை அந்தச் சிங்கம்புணரி மாணவியிடம் கொடுத்தேன். அவள் தலையைக் குனிந்தபடி வாங்கிக்கொண்டாள். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பின் அவன் நாலு நாள் கல்லூரிக்கு வரவில்லை. அந்த நாலு நாளில் ஒரு நாள், நான் திரும்பச் சேர்த்திருந்த வரி மறுபடியும் காணாமல் போனது. நியாயமாக அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கூட்டாளி எவனையோ ஏவிவிட்டிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். சந்தேகம் ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் எதிராக வருகிற சாட்சியையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். கல்லை நானே தெளிவாகப் படமெடுத்துப் போட்டுவிடுவது என்று முடிவு செய்து, சனிக்கிழமை சிங்கம்புணரிக்குப் பஸ் ஏறினேன்.

கிணற்றைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. கல்லைத்தான் காணோம். அது இருந்த இடத்தில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. விரலை வைத்தால் வெள்ளையாக ஒட்டியது, அடியில் எழுத்துகள் தட்டுப்பட்டன. இணையத்தில் அழித்தவர்கள் இங்கேயும் வந்துவிட்டார்கள் என்ற கோபத்தில், கிணற்றை ஒட்டியிருந்த கடையில் யார் இதைச் செய்தது என்று கேட்டேன். அது மாணவியின் குடும்பத்துக் கடை. அவளுடைய அம்மா வெளியே வந்து, நான் யாரென்று தெரிந்ததும் உள்ளே அழைத்து உட்கார வைத்தார்.

"நாங்கதான் அடிச்சோம் டீச்சர்," என்றார்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் அவருடைய தம்பி அந்தக் கட்டுரையைப் போனில் பார்த்துவிட்டுப் பதறிப்போய்க் கூப்பிட்டிருக்கிறார். கிணறு பொதுவுக்குக் கொடுத்தது. அதை ஒட்டிய இரண்டு கடைகளும் குடும்பத்துடையவை. எல்லாம் ஒரே மனையாக இருந்த காலத்துப் பத்திரத்தில் எது எதுவரை என்று சரியாக இல்லை. கிணற்றோடு கடைகளும் பொது நிலம்தான் என்று யாராவது கிளப்பினால் காட்ட ஆதாரம் கிடையாது. அம்மா எடுத்துச் சொல்லச் சொல்ல நான் கையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க நல்லதுக்குத்தான் எழுதச் சொன்னீக. இத்தனை வருசமா இங்குட்டு யாரும் எங்களை ஒண்ணும் கேட்டதில்லை. பேரு வெளிய தெரிஞ்சா கேள்வியும் பின்னாலயே வரும்ல. எங்க மாதிரி ஆளுகளுக்குக் கேள்வி வராம இருக்கிறதே நிம்மதி."

பிறகு அவர் கேட்டார். அழித்துவிட்டால் போய்விடும்தானே? கட்டுரையில் இருக்காது என்றேன். அது பொய் இல்லை. அழித்த ஒவ்வொரு வரியும் வரலாற்றுப் பக்கத்தில் அப்படியே இருக்கும், யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம் என்பதை நான் சொல்லவில்லை. கதவோரம் நின்ற மாணவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்தை அவளுக்குத் திறந்து காட்டியவள் நான்தான்.

வாசலுக்கு என்னோடு வந்தபோது, தான்தான் ஒவ்வொரு முறையும் அழித்ததாக அவளே சொன்னாள். அப்படியென்றால் அவனை நான் விசாரித்தபோது ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"நீங்க யாரையும் கேக்கலை மேடம். அவன்தான்னு முடிவு பண்ணிட்டீக. எங்கிட்ட ஒரு தடவை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

பதிவேட்டில் அவள் கையெழுத்தும் அவனுடையதற்கு நாலு வரி கீழே இருந்தது. எழுதியவளே அழிப்பாளா என்று நான் அதைப் படிக்கவே இல்லை.

திங்கட்கிழமை அவன் வந்திருந்தான். வகுப்பில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன், காரணத்தைச் சொல்லாமல். பிறகு தனியாகக் கூப்பிட்டு, அழித்தது யாரென்று அவனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். முதல் நாளே தெரியும் என்றான். அவளுக்கு அடுத்த கணினியில் உட்கார்ந்திருந்தபோது பார்த்திருக்கிறான். வீட்டில் பயப்படுகிறார்கள், யாரிடமும் சொல்லாதே என்று அவள் கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. ஆசிரியர் அறையில், இரண்டு பேர் பார்க்க, நான் பதிவேட்டை விரித்தபோதும் அதனால்தான் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்துக்கு நான் வரவழைத்த ஆபத்திலிருந்து அவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது, நான் எதிரியாக்கி வைத்திருந்த பையன்.

அவளிடமிருந்து திரும்ப வாங்கியிருந்த சாவியை நீட்டி, பழைய பொறுப்பை எடுத்துக்கொள் என்றேன். அவன் கையை நீட்டவில்லை.

"வேணாம் மேடம். இனி எது காணாமப் போனாலும் மொதல்ல என்னையத்தான் பாப்பீக."

சாவியை என் பையிலேயே போட்டுக்கொண்டேன். அந்த ஆண்டு முடியும் வரை கணினி அறையை நானே திறந்து நானே பூட்டினேன்.

இப்போதும் அந்தப் பயிற்சியைக் கொடுக்கிறேன். எழுதும் முன், அது யாருடைய கதையோ அவர்களைக் கேட்டுவிட்டு வரச் சொல்கிறேன். சந்தைக் கட்டுரையில் கிணறு இல்லை. நான் சேர்க்கவும் இல்லை. போன மாதம் வேறொரு கட்டுரையில் ஒரு பத்தி காணாமல் போனது. வகுப்பில் நுழைந்ததும் என் கண் தானாகவே கடைசி பெஞ்சில் ஒரு பையனிடம் போய் நின்றது. ஏன் அவன் என்று எனக்குத் தெரியவில்லை. பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, முதல் பெஞ்சிலிருந்து ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தேன்.