பதினைந்து இஞ்ச் பெட்டி

என் தாய்மாமா தான் வாசித்த சத்தத்துக்குத் தானே பயந்து தெருவுக்கு ஓடிய கதையை நான் ஆறாம் வகுப்பில் சொல்லாத ஆள் கிடையாது. சொல்லும்போது அவர் மாதிரியே ஓடியும் காட்டுவேன். பையன்கள் பெஞ்சைத் தட்டிச் சிரிப்பார்கள். அந்த வருடம் எனக்கு வகுப்பில் மரியாதை கிடைத்ததே அந்த ஓட்டத்தால்தான்.

மாமா எங்களுக்கு அடுத்த வீடு. சிவகாசிக்கு வெளியே, காலையில் கம்பெனி வேன் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகிற தெரு எங்களுடையது. மாமா ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றினார். அத்தை நாரணாபுரத்தில் வேறொரு கம்பெனியில், மருந்து செலுத்துகிற ரூமில் இருந்தாள். எங்கள் பக்கம் மருந்து என்றால் வெடிமருந்துதான். அந்த ரூமில் தட்டு கீழே விழக் கூடாது, எதுவும் எதோடும் உரசக் கூடாது. அந்தப் பழக்கத்தில் அத்தை வீட்டிலும் சோற்றுச் சட்டியை ஒரு குழந்தையைக் கிடத்துவது போலத்தான் கீழே வைப்பாள்.

மாமாவுக்கு பேஸ் கிடார் வாசிக்க வரும். நாலு தடித்த கம்பி, அடிவயிற்றிலிருந்து வருகிற சத்தம். ஒரு கச்சேரிக் குழுவில் சாமான் தூக்கப் போய், பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டது. வழக்கமாக வாசிக்கிற ஆள் வராத நாட்களில் அவரை உட்கார வைப்பார்கள். ஒருமுறை கீபோர்டுக்கான ஸ்பீக்கரில் இதைச் சொருகி வாசித்ததில் உள்ளே இருந்த காகிதம் கிழிந்துபோனது. குழு நடத்துகிறவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், பேஸுக்கென்று சொந்தமாக ஆம்ப்ளிபயரும் பெட்டியும் கொண்டுவந்தால் நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்வதாக.

அன்றிலிருந்து மாமாவுக்கு வேறு பேச்சே இல்லை. "நான் மட்டும் சேந்துட்டேன்னு வையி, நீ மருந்து ரூமுக்கே போக வேண்டாம்" என்று அத்தையிடம் சொல்வார்.

"மொதல்ல நீங்க சேருங்க. நான் வேலைய விட்டு நிக்கிறதுக்கு எம்புட்டு நேரம் ஆகும்?" என்பாள் அத்தை.

பெட்டி பார்க்க விருதுநகர் போனபோது மாமா என்னையும் பைக்கில் கூட்டிப் போனார். எங்கள் இரண்டு வீட்டிலும் சேர்த்து ஆங்கில எழுத்து தெரிந்தவன் நான் ஒருவன்தான். மிளகாய் வற்றல் குடோன்களுக்குப் பின்னால் ஒரு பாய், மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டு, பழைய சாமான்களையும் விற்றார். அங்கே பேசுகிற எல்லோரும் நடுநடுவே தும்மினார்கள்.

ஆம்ப்ளிபயரின் முதுகில் இருந்த தகட்டை என்னை வாசிக்கச் சொன்னார்கள். நாலு என்று வாசித்தேன். பக்கத்தில் குதிரை லாடம் போல ஒரு குறி இருந்தது. அது எங்கள் பாடத்தில் இல்லை.

"அது ஓம்" என்றார் பாய்.

"சாமி மந்திரமா பாய்?" என்றார் மாமா.

"உங்க ஓம் இல்லப்பா, இது கரண்டு ஓம். மெசினு நாலு ஓம் வரைக்கும் தாங்கும். பெட்டி எட்டு ஓம். ஒண்ணு மாட்டு, ரெண்டு மாட்டு, பயமில்ல. மூணாவது மாட்டுன, பொகஞ்சிரும்."

புகையும் என்ற சொல்லைக் கேட்டதும் மாமா ஒன்றே போதும் என்று முடிவு செய்துவிட்டார். இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றில் பத்து இஞ்ச் ஸ்பீக்கர் நாலு. இன்னொன்றில் பதினைந்து இஞ்ச் ஒன்றே ஒன்று. முதலாவதில் ஒவ்வொரு விரலும் தெளிவாகக் கேட்டது. இரண்டாவதைப் பாய் சுவர் மூலைக்குத் தள்ளி வைத்து, "மூலையில வச்சா சும்மா கெடக்கிற சத்தமும் எந்திரிச்சு வரும்" என்றார். மாமா கையோடு கொண்டுவந்திருந்த தன் கிடாரில் அடிக்கம்பியைத் தட்டினார். மேசையில் இருந்த டீ கிளாஸ் நகர்ந்தது. மாமாவின் முகத்தை அப்படி அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. விலைக்குப் பதிலாகப் பைக்கைப் பாயிடமே கொடுத்துவிட்டு, ஆம்ப்ளிபயரோடும் பதினைந்து இஞ்ச் பெட்டியோடும் குட்டியானை லோடு வண்டியில் திரும்பினோம்.

மறுநாள் மாமா லீவு போட்டார். அத்தை வேலைக்குப் போயிருந்தாள். பாய் சொன்னபடியே பெட்டியை மூலையில் வைத்து, திருகுகளில் எது பேஸ், எது ட்ரெபிள் என்று நான் வாசித்துச் சொல்ல, மாமா பேஸை முழுசாகத் திறந்து அடிக்கம்பியைத் தட்டினார்.

தும்.

சட்டிகள் அதிர்ந்தன. அடுத்த நொடி மாமா கிடாரைக் கழற்றி எறிந்துவிட்டுத் தெருவுக்கு ஓடினார். நானும் ஓடினேன். தெரு முழுக்கப் பெண்கள், கையில் மாவோடும் சோப்பு நுரையோடும், ஒரே பக்கம் திரும்பி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் ஊரில் அப்படித்தான். தும் என்று கேட்டால் முதலில் புகையைத் தேட வேண்டும், எந்தத் திசை என்று. கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது, கூப்பிட்டாலும் யாரும் எடுக்க மாட்டார்கள்.

அன்று புகை இல்லை. மாமா மெதுவாக, "அது… என் பெட்டிதான்" என்றார்.

"ஏலே, நீதானா! நீ அடிச்சதுக்கு நீயே ஓடி வந்தியாலே?" என்று எதிர்வீட்டுப் பெரியம்மா கேட்டாள். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். முடிக்காமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். திட்டு விழும் என்று ஆவலோடு காத்திருந்த எனக்கு ஏமாற்றம். யாருமே திட்டவில்லை. போகும்போது ஒருத்தி மட்டும், "தம்பி, இம்புட்டு கீழ போகாம, கொஞ்சம் மேல வாசிக்க முடியாதா?" என்று தயவாகக் கேட்டாள்.

அதற்குப் பிறகு மாமா பேஸை முழுசாக அடைத்துவிட்டுத்தான் பழகினார். அவ்வளவு பெரிய பெட்டியிலிருந்து கொசு பாடியது.

கச்சேரி ஒரு காதுகுத்து விசேஷத்தில். நாரணாபுரம் ரோட்டில் ஒரு மண்டபம், பகல் வேளை. தீபாவளி ஆர்டர் நேரம் என்பதால் அத்தைக்கு லீவு கிடைக்கவில்லை. திருகு வாசிக்க நான் போனேன்.

முதல் பாட்டிலேயே குழு நடத்துகிறவர் கையை மேலே மேலே என்று ஆட்டினார். மாமா கொஞ்சம் கூட்டுவார், உடனே குறைத்துவிடுவார். இரண்டாவது பாட்டில் அவரே வந்து திருகை முழுசாகத் திருப்பிவிட்டுப் போனார். மண்டபமே எழுந்து உட்கார்ந்தது. பந்தியில் இலைகள் துடித்தன. சின்னப் பிள்ளைகள் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். நான் பெருமையில் மிதந்தேன். மாமாவின் விரல் கம்பியில் இருந்தது, கண் வாசலில் இருந்தது. மூன்றாவது பாட்டின் நடுவில் அவர் கிடாரைக் கழற்றி வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போனார்.

ரோட்டில் நின்று நாரணாபுரம் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, பாட்டு இன்னும் முடியல."

"சத்தம் கேட்டுச்சா மாப்ள?"

"ஒங்க சத்தம்தான் மாமா."

"அது இல்லலே. அதுக்கு அடியில."

அடியில் எதுவும் இல்லை. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நாங்கள் திரும்பி வந்தபோது மேடையில் கீபோர்டுக்காரர் இடது கையால் பேஸையும் சேர்த்து வாசித்துக்கொண்டிருந்தார். குழு நடத்துகிறவர் மாமாவிடம் கோபப்படக்கூட இல்லை. "நடுப்பாட்டுல எந்திரிச்சுப் போற ஆள வச்சு நான் கச்சேரி பண்ண முடியாது தம்பி. நீ இனிமே வராத" என்றார்.

சாயங்காலம் அத்தை முழங்கை வரை மருந்துப் பொடியின் வெள்ளி நிறத்தோடு வேனிலிருந்து இறங்கினாள். மாமா செம்பில் தண்ணீர் ஊற்ற, அவள் தேய்த்துக் கழுவினாள்.

"இன்னைக்கு மத்தியானம் எங்கனயோ தும்முனு ஒரு சத்தம். அப்படியே போட்டது போட்டபடி ரூம விட்டு எல்லாரும் ஓடுனோம். பாத்தா ஒண்ணுமில்ல. போர்மேன் வஞ்சு தீத்துட்டாரு."

"அத்தை, அது மாமா!" என்று நான் குதித்தேன். "மண்டபத்துல மாமா வாசிச்சது!"

அத்தை சோப்புக் கையோடு நிமிர்ந்தாள். "நெசமாவா? அம்புட்டுத் தூரமா கேட்டுச்சு?" அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "அப்ப அடுத்த கச்சேரிக்கும் கூப்பிட்டிருப்பாகளே?"

நான் மாமாவைப் பார்த்தேன்.

"கூப்பிடுவாக" என்றார்.

"அப்ப இந்த சீசனோட நான் நின்னுக்கிறேன்" என்றாள் அத்தை. அவள் நிற்கவில்லை. நான் கல்லூரி முடித்து வந்த பிறகும் அந்த வேன் காலையில் வந்து நிற்கிறது, அவள் ஏறிப் போகிறாள்.

மாமா பொய் சொல்லிவிட்டார் என்பது மட்டும்தான் அன்று எனக்குப் புரிந்தது. அவர் ஊற்றிய தண்ணீர் அத்தையின் கையில் விழாமல் பக்கத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"ஓடும்போது யாரும் விழலையே?" என்று கேட்டார்.

"இல்ல."

"மருந்துத் தட்டு கிட்டு எதுவும் கவுழலையே?"

"இல்லங்கேன்ல."

செம்பு காலியான பிறகும் மறுபடி கேட்டார், யாரும் விழலையே என்று. விழுந்தால்தான் என்ன, முட்டியில் சிராய்க்கும், இதை எதற்கு மாமா இத்தனை தடவை கேட்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.