பச்சைப் பியூஸ்

செயின்ட்-லோரன்ட்டில் தம்பி வாடகைக்கு எடுத்த வீட்டின் பழைய பியூஸ் பெட்டியைத் திறந்ததும், சூடேறிய வயரின் மணம் அடித்தது. அந்த வயர் தாங்குவது பதினைந்து அம்பியர். அதற்கான நீலப் பியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் முப்பது அம்பியர் பச்சை இருந்தது.

செயின்ட்-மிஷேலில் எங்கள் பழைய வீட்டிலும் இதே மணம். ஹீட்டரோடு அம்மா கிரைண்டரையும் போட்டால் நீலம் எரிந்துவிடும். ஒருநாள் அப்பா பச்சையை வாங்கி வந்து திருகினார்.

"இனி எரியாது, பார்!"

எரியவில்லை, சுவர் சுட்டது. அந்தச் சுவரோரம்தான் தம்பியின் தொட்டில். அம்மா சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"பியூஸ் எரியாட்டி வயரெல்லோ எரியும். கழட்டுங்கோப்பா."

"பேந்து மா அரைக்கிறேல்லையோ?"

"ஹீட்டரை நிப்பாட்டிப்போட்டு அரைக்கிறன்."

அந்தக் குளிர்காலத்தில் மா அரைக்கும் நாளெல்லாம் வீட்டுக்குள் ஜாக்கெட்டோடு திரிந்தோம்.

தம்பி வீட்டில் நான் மெயினை நிறுத்தி, பச்சைக்குப் பதில் நீலத்தைத் திருகி, மறுபடி போட்டேன். ஹீட்டர் ஓட, தம்பி தேத்தண்ணிக்குக் கேத்தலையும் போட்டான். அறை இருண்டது.

"அக்கா, நீ படிச்ச எலெக்ட்ரிக்கல் படிப்புக்கு இதுதானோ?"

"ஓம், இதுதான்." அடுத்த நீலத்தை எடுத்தேன். "தேத்தண்ணியோ, ஹீட்டரோ? ஒண்டைச் சொல்லு."